நாய்க்கு நீச்சல் படிப்பித்தவள்

பெரியம்மான் குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார். அது நாலு காலையும் மடக்கிக்கொண்டு, மருந்துச் சங்கைக் கண்ட பிள்ளை பார்க்குமே, அப்படி என்னைப் பார்த்தது. அடுத்து தண்ணீரில் சத்தம் கேட்டது.

நாங்கள் நடு வாவியில் தோணியில் நின்றோம். வெயில் ஏறாத நேரம், காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றி விட்டது போல் அசையாமல் கிடந்தது. குட்டி விழுந்த இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாக விரிந்தது.

"பயப்படாத கா. நாய்க்கு நீச்சல் கருவிலேயே வாறது. இப்ப பாரு, தோணிக்கு முன்னால போகும்" என்றார்.

பார்த்தேன். மூக்கு மட்டும் மேலே வந்தது. முன்கால்கள் தண்ணீரைப் படார் படார் என்று அடித்தன. பின்பக்கமோ கல்லுக் கட்டியது போல் கீழே இழுத்தது. ஒரு முறை தாழ்ந்து, எழும்பி, மறுபடி தாழ்ந்து தோணிக்கு அடியில் போய்விட்டது. அடிமரத்தை நகம் விறாண்டும் சத்தம் என் உள்ளங்காலுக்குக் கீழே கேட்டது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. உடுத்த சீலையோடு குதித்தேன்.

மடியில் வந்த குட்டி

வாசிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாமல் இருக்கலாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மணல் நிலம் எழுவான்கரை. நாங்கள் குடியிருந்தது அங்கே, களுவாஞ்சிக்குடிக்குக் கொஞ்சம் வடக்கே. வாவிக்கு மேற்கே படுவான்கரை. வயல் எல்லாம் அங்கே. ஆகவே எங்கள் சோறு எப்போதும் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் விளைந்தது. விதைக்கவும் தோணி, வெட்டவும் தோணி. பெண்பிள்ளையைக் "கா" போட்டுக் கூப்பிடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

வீடும் வளவும் வயலும் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை, பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் புருஷன் சித்தாண்டியில் இருந்து அப்படி வந்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கலியாணம் முடிந்து சில மாதத்தில் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பினவர், வேட்டி மடிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். பலாப்பழச் சுளையாக்கும் என்று நான் கையை நீட்டினேன். சுளை என் விரலைக் கடித்தது.

செம்பு நிறம். அதனால் செம்பி. பெட்டை.

"பெட்டை நாயை ஆரும் வளப்பாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. பெட்டையாகப் பிறந்ததால்தான் இந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது, அதற்கும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பெரியம்மான் என் அம்மாவின் மூத்த தமையன். அம்மா போன பிறகு என் வயல் காரியம் முழுக்க அவர் கையில் இருந்தது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நெல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஒன்றைச் சொன்னால் அதை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டு விட்டு, அவருக்கு அது ஒரு நோய் போலப் பிடித்துவிட்டது.

அன்றைக்கு வேலி பார்க்கப் போனோம். பன்றி வருகிற வயல்; காவலுக்கு நாய் வேண்டும். என் புருஷன் செம்பியைப் பெட்டிக்குள் வைத்து, மேலே வெற்றிலையைப் பரப்பிக் கொண்டுவந்தார். நடு வாவியில் வெற்றிலை தும்மியது. பெரியம்மான் பெட்டியைத் திறந்தார். நாய் ஏறின தோணியில் விதைநெல் ஏறாது என்பது அவருடைய சட்டம். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் நான்

எனக்கு நீச்சல் தெரியும். எங்கள் கரையில் பெண்பிள்ளைகளும் சின்னதிலே நீந்துவோம். பெரியபிள்ளையானால் அதோடு சரி. பிறகு கிணற்றடியும் வாளியும்தான். நான் வாவியில் இறங்கி வருஷக்கணக்காகி விட்டது. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. சீலைதான் காலைச் சுற்றியது.

தோணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு பின்காலைப் பிடித்து இழுத்தேன். குட்டி என் கழுத்தில் ஏறி, தலையில் ஏறி, அதற்கு மேல் ஏற இடம் இல்லாமல் என் கொண்டையைப் பிடித்துக்கொண்டது. என் புருஷன் கம்பை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

பெரியம்மான் என்னைப் பார்க்கவில்லை. கரையைத்தான் பார்த்தார். "வீச்சுவலைக்காரன் நிக்கிறான். கண்டிருப்பான். குடும்பத்துப் பொம்பிளை நடு வாவியில பாயிறதா?"

"காணட்டும் அம்மான். குட்டியைத் தூக்கிப் போட்ட ஆம்பிளையையும் கண்டிருப்பான்."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் சொன்னார்: "சரி. அவ்வளவு ஆசையெண்டா வைச்சிரு. ஆனா விதைப்புக்குப் போகக்குள்ள அது தன்ட காலால வாவியைக் கடக்க வேணும். கடக்காட்டிக் கிரானில என்ட கூட்டாளிக்குக் குடுத்திருவன். பண்டி வேட்டைக்கு அவனுக்கு நாய் காணாது."

கிரான் வேட்டை நாய்களை நான் கண்டிருக்கிறேன். வயிற்றில் தையல் இல்லாத நாய் அங்கே கிடையாது. தைக்கிறதுக்கு முன் செத்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

"கடக்கும்" என்றேன். குட்டி என் மடியில் கிடந்து தண்ணீராகக் கக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நெற்றுத் தேங்காய்

எனக்கு எழுத்து மட்டுமட்டு. இதை நான் எழுத்துக்கூட்டி எழுத, என் மகள் பிழை பார்த்து வாரப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். "நாயைப் பற்றியும் ஒரு கிழமை எழுதப் போறியா அம்மா?" என்று சிரித்தாள். கலியாணத்தைப் பற்றி மூன்று கிழமை எழுதினேன், அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கலியாணத்தில் நான் செய்தது ஒன்றும் இல்லை, மணவறையில் இருந்தேன். நாய்க்கு நீச்சல் நான் படிப்பித்தேன்.

முதலில் அது தண்ணீர்ப் பக்கமே வராது. குடத்தில் தண்ணீர் ஊற்றினாலே அடுப்படிக்குள் ஓடும். அதனால் சோற்றுச் சட்டியைத் துறைக்குக் கொண்டுபோனேன். முதலில் மணலில் வைத்தேன். பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போகிற இடத்தில். பிறகு ஒரு பலகைத் துண்டில் வைத்து, கால் நனையும் ஆழத்தில் கையால் பிடித்துக்கொண்டு இருந்தேன். மீன் தலை போட்ட சோறு. ஆசையும் பயமும் இழுபறிப்பட்டு, கடைசியில் மீன் தலை வென்றது. வயிறு நனைகிற ஆழம் வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகுதான் என் புருஷனுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகுவது இரண்டு நெற்றுத் தேங்காயை உரித்த நாரால் பிணைத்து, நெஞ்சுக்குக் கீழே போட்டுத்தான். தேங்காய் மிதக்கும், பிள்ளை அதன்மேல் கிடந்து காலை அடிக்கும். அவரும் அப்படிப் பழகினவர், நானும் அப்படி.

"பிள்ளைக்குச் சரியெண்டா நாய்க்கும் சரிதானே" என்று அவர் செம்பியின் வயிற்றுக்குக் கீழே தேங்காய் இரண்டைக் கட்டினார். முடிச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். தண்ணீரில் விட்டோம்.

தேங்காய் மேலே வந்தது. நாய் கீழே போனது. நாலு காலும் வானத்தைப் பார்க்க, இரண்டு தேங்காயும் கொடிக்கம்பம் போல் நடுவில் நிமிர்ந்து நின்றன. நான் பாய்ந்து புரட்டி எடுத்தேன். நாய் தும்மியது. என் புருஷன் தேங்காயைப் பார்த்து, "இது பழுத்தது காணாது போல" என்றார்.

கிணற்றடிக்குப் போகமுடியவில்லை. "நாய்க்கு நீச்சல் படிப்பிச்சு முடிஞ்சா மறுகா பூனைக்கு வாய்ப்பாடு படிப்பிப்பியா கா?" என்றாள் ஒருத்தி.

"உன்ட புருஷனுக்குப் படிப்பிச்சிட்டுத்தான் பூனைக்கு வருவன்" என்றேன். அவள் புருஷன் நெல் அளந்தால் எப்போதும் கணக்குப் பிழையாகும். ஊருக்கே தெரியும்.

ராத்தாவின் சாறன் துண்டு

காத்தான்குடியில் இருந்து ஒரு ராத்தா வருவா; முஸ்லிம் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவவுடைய வீட்டில் தறி இருந்தது. நெய்த சாறனைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்பா. எங்கள் வளவுக்கு வந்தால் வாசலில் நின்று முதலில் கேட்பது, "புள்ளே, நாயைக் கட்டிட்டியா?" அவவுக்கு நாய் தொட ஆகாது. கட்டின பிறகுதான் உள்ளே வருவா, தேத்தண்ணி குடிப்பா, ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவா.

அன்றைக்கு நான் துறையில் நின்றேன். செம்பியின் வயிற்றில் கயிறு போட்டுத் தூக்கிப் பிடித்திருந்தேன். ராத்தா தூரத்திலேயே நின்றுவிட்டா.

"என்ன புள்ள செய்றாய்? அந்தக் கயிறு அதுட வயித்த அறுக்கிது. அது நீந்துமா, நோவுக்குத் துள்ளுமா?"

"வேறென்ன ராத்தா செய்ய? விட்டாப் பின்பக்கம் தாழுது."

ராத்தா மூட்டையை இறக்கி, நெய்யும்போது இழை பிசகி விலைப்படாமல் போன சாறன் ஒன்றை உருவினா. பல்லால் கடித்து நீளமாகக் கிழித்துச் சுருட்டி எறிந்தா. "அகலமா வயித்துக்குக் கீழ போடு. தொட்டில்ல பிள்ளை கிடக்கிற மாதிரிக் கிடக்கோணும். நான் கிட்ட வரமாட்டன். இஞ்ச நிண்டு சொல்லுறன்."

அவ கரையில் நின்று கத்த, நான் தண்ணீரில் நின்று செய்தேன். "தலையைத் தூக்காத, இடுப்பைத் தூக்கு! இன்னும் ஒள்ளம், கொஞ்சம்! இப்ப நட!" நாயின் இடுப்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும், முன்காலின் அடி தானாக நின்றது. நாலு காலும் ஒழுங்காக ஓடத் தொடங்கின. படார் என்ற சத்தம் போய், தண்ணீரை வெட்டுகிற மெல்லிய சத்தம் வந்தது. துணியைத் தளர்த்தினேன். தாழவில்லை. இன்னும் தளர்த்தினேன்.

"போகுது! அல்லாஹ், போகுது புள்ள!" என்று ராத்தா கையைத் தட்டினா. நாய் அந்தச் சத்தத்துக்கு அவவை நோக்கியே நீந்தியது. ராத்தா சாறன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினா. அந்த வயதில் அவ்வளவு வேகம் ஓடுவா என்று நான் நினைக்கவில்லை.

கரையும் திரும்பலும்

நீந்த வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. நான் சொல்லவில்லை. நீந்தத் தெரியாத நாய் கரையில் நிற்கும். நீந்தத் தெரிந்த நாய்தான் சாகும்.

ஒரு நாள் செம்பி துறையை விட்டு விலகி, கண்ணாப் பற்றைக்குள் கரையேறப் போனது. கண்ணா தண்ணீருக்குள் வேர் விடுகிற மரம். முன்கால் வேரில், பின்கால் சேற்றில். ஏறவும் முடியாது, திரும்பவும் தெரியாது. கரையைத் தொட்டுக்கொண்டே களைத்துத் தாழத் தொடங்கியது. முதலை படுக்கிற இடமும் அதுதான். நான் கழுத்தளவில் போய்த்தான் தூக்கி வந்தேன்.

அதற்குப் பிறகு மணல் துறை எது என்று அதற்குக் காட்டினேன். வடக்கே கொண்டுபோய் விடுவேன், துறைக்கு வர வேண்டும். தெற்கே கொண்டுபோய் விடுவேன், துறைக்கு வர வேண்டும். விடியவும் பொழுதுபடவும் தண்ணீரில் இறக்கமாட்டேன். அது முதலையின் நேரம். வெயில் ஏறி, கரை முழுதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான்.

கடைசியாகத் திரும்பப் படிப்பித்தேன். திரும்பு என்பதற்கு எங்கள் பக்கம் கிறுகு என்று சொல்லுவோம். நாய் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது "கிறுகு!" என்பேன். திரும்பி வந்தால் இடுப்பில் முடிந்த கருவாட்டுத் துண்டு அதற்கு. வராவிட்டால் ஒன்றும் இல்லை, அடியும் இல்லை. அடிக்கிறவளிடம் எந்த நாய் தண்ணீரில் திரும்பி வரும்? ஒரு நாள் நீர்க்காகம் ஒன்று முன்னால் முங்கி முங்கி ஆசை காட்ட, செம்பி அதன் பின்னால் இழுபட்டுப் போனது. நான் கூப்பிட்டேன். காகத்தை விட்டுவிட்டு வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

களைப்பையும் படித்துவைத்தேன். செம்பியின் வால் தண்ணீருக்கு மேலே கிடந்தால் சுகம். வால் உள்ளே இறங்கினால், இனிப் போதும் என்று பொருள்.

விதைப்பு நாள்

எங்கள் வீட்டில் விதைநெல்லின் முதல் பிடியை நிலத்துக்காரி அள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆண்கள் விதைப்பார்கள். அதனால் நானும் தோணியில் ஏறினேன். விதைநெல் சாக்கு நடுவில். பெரியம்மான் முன்னால். என் புருஷன் பின்னால் கம்பு ஊன்றினார்.

வெயில் ஏறினதும் புறப்படுவோம், தண்ணீர் சும்மா கிடக்கும் என்று நான் சொன்னேன். பெரியம்மான் நல்ல நேரம் வரட்டும் என்றார். நல்ல நேரம் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதோடு மேற்கே இருந்து கச்சான் காற்றும் வந்துவிட்டது.

செம்பி என் சொல்லுக்கு இறங்கித் தோணிக்குப் பக்கத்தில் நீந்தியது. காதை மடித்து, மூக்கை நிமிர்த்தி, நல்ல அழகு. பெரியம்மான்கூட இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பாதி தாண்டினோம். பிறகு அலை நேரே முகத்தில் அடிக்கத் தொடங்கியது. நாய் ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் குடித்தது. செருமியது. மறுகரைத் துறை கண்ணுக்குத் தெரிகிறது, மரம் தெரிகிறது, வாடிக் குடிசை தெரிகிறது.

வால் தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சந்தானே கிடக்கு, வந்திரும்" என்றார் பெரியம்மான்.

வந்தும் இருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். நான் அதை உயிரோடு வைத்திருக்கத்தான் படிப்பித்தேன். அவருக்குக் காட்டுவதற்கு இல்லை.

"செம்பி, கிறுகு!"

கரையை விட்டுவிட்டு, அந்த அலைக்குள் அது திரும்பித் தோணிக்கு வந்தது. நான் குனிந்து வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். வேறு இடம் இல்லை. விதைநெல் சாக்கின் மேல் வைத்தேன்.

பெரியம்மான் எழும்பி நின்றார். தோணி ஆடியது. "என்ன வேலை கா செய்றாய்! விதைநெல்லில நாயா? இறக்கு! நீ தோத்துப் போனாய். நாளைக்குக் கிரான்காரன் வருவான்."

"வரட்டும். சோறு போட்டு அனுப்புறன். நாயைத் தரமாட்டன்."

"நெல்லு நனையிது!"

"சேத்தில நனையப்போற நெல்லுத்தானே அம்மான். இப்பவே ஒள்ளம் நனையட்டும்."

"இந்தத் தோணியில நாய் வராது எண்டு நான் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. தோணி ஆர்ட அம்மான்?"

அவர் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வயல் அம்மா எனக்குத் தந்தது. தோணியும் அதோட வந்தது. நீங்க பாத்துத் தாறீங்க, அதுக்குக் கும்பிடுறன். ஆனா என்ட தோணியில இருந்து என்ட நாயை நான் இறக்கமாட்டன். முதல் பிடி அள்ளுற கையும் இதுதான். நாய் தண்ணிக்குள்ள போனா இந்தக் கை இண்டைக்கு அள்ளாது."

அதுவரை எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் அப்படி ஒருவரும் பேசினதில்லை.

பின்னால் இருந்து என் புருஷனின் குரல் வந்தது, எப்போதும் போல் மெல்ல. "அம்மான், கம்பு என்ட கையில இரிக்கி. ஆரும் இறங்கிறதெண்டாச் சொல்லுங்க, ஆழம் இல்லாத இடமாப் பாத்து நிப்பாட்டுறன்."

பெரியம்மான் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாக்கின் மேல் நடுங்கிக்கொண்டு கிடந்ததையும் பார்த்தார். பிறகு மெல்ல இருந்துகொண்டார். தோணி நேரே ஓடியது.

முதல் பிடியை நான் அள்ளிக் கொடுத்தேன். என் கை ஈரம். நெல்லும் ஈரம். அந்த மாரி வேளாண்மை மற்ற வருஷம் போலவே விளைந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிரான்காரன் வந்தான். மீன் ஆணமும் சோறும் தின்றுவிட்டுப் போனான்.

காற்றில்லாத ஒரு காலையில் செம்பி முழு வாவியையும் கடந்தது. யாரும் கேட்டு இல்லை. நான் பார்த்து, தண்ணீர் சரி என்று விட்டேன். வால் கடைசி வரைக்கும் மேலேயே இருந்தது. மறுகரையில் பெரியம்மான் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துறைக்கு வந்து, "வா, வா, இஞ்சால வா" என்று தொடையைத் தட்டிக் கூப்பிட்டார். செம்பி அவரைத் தாண்டிப் போய், மணலில் ஏறி, உடம்பை உதறிவிட்டு, தோணி வரும் வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பெரியம்மானின் வேட்டி நனைந்துவிட்டது. "இது என்ட சொல்லைக் கேக்குதில்லையே கா" என்றார்.

"எனக்கும் செம்பிக்கும் ஒரே பழக்கம், அம்மான்" என்று சொல்லிக்கொண்டு நான் இறங்கினேன்.